இடையில் எறியப்பட்ட சொற்கள்

தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கணம் படித்த எவருக்கும் ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’ எட்டு என்பது மனப்பாடம். பெயர்ச்சொல்லில் தொடங்கும் அந்த வரிசையின் வால் நுனியில் நிற்பது ‘இன்டர்ஜெக்‌ஷன்’. வினைச்சொல்லுக்கு வாரக்கணக்கில் வகுப்பு நடக்கும். ‘ப்ரெபொசிஷன்’ என்றால் கோடிட்ட இடங்களை நிரப்பியே கை ஓய்ந்துபோகும். கடைசியில் நிற்பவருக்குக் கிடைப்பது அரைப் பக்கம். சந்தோஷத்துக்கு ‘ஹுர்ரா’, துக்கத்துக்கு ‘அலாஸ்’, பாராட்டுக்கு ‘பிராவோ’. பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. பாடம் முடிந்தது, மணி அடித்தாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று லண்டனிலோ சிட்னியிலோ துக்கச் செய்தி கேட்டு ‘அலாஸ்’ என்று வாய்விட்டுச் சொல்லும் ஆளை வலைபோட்டுத்தான் தேட வேண்டும். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல் இப்போது பெரும்பாலும் பத்திரிகைக் கட்டுரைகளில், அதுவும் பாதி கிண்டலாக, காலம் தள்ளுகிறது. மறுபக்கம், ஆங்கிலப் பேச்சில் நிமிடத்துக்கு நிமிடம் வந்து விழும் ‘ஓ’, ‘வெல்’, ‘ஊப்ஸ்’, ‘அஹ்-ஹ’, ‘அம்’ ஆகியவற்றில் பலவும் அந்த அரைப் பக்கத்தில் இல்லை. பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த ஒருவர் வாக்கியத்தைப் பிழையில்லாமல் கட்டுகிறார். காலம், எண், இடம் எல்லாம் சரி. ஆனாலும் அவர் பேச்சு கஞ்சி போட்ட சட்டைபோல விறைத்து நிற்கிறது. அந்த விறைப்பில் பெரும்பங்கு, கடைசி வரிசையில் உட்காரவைக்கப்பட்ட இந்தச் சொற்களைக் கற்காததால் வருவது. இச்சொற்பொழிவு சொல்ல வருவது அதைத்தான்.

இந்த வகுப்பு இலக்கணத்துக்குள் நுழைந்ததே ஓர் இட ஒதுக்கீட்டுக் கதை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழிக்கு இலக்கணம் வகுத்த டயனீசியஸ் த்ராக்ஸ் சொற்களை எட்டு வகையாகப் பிரித்தார். உணர்ச்சிக் கூவல்களுக்கு அந்த எட்டில் தனி இடம் கிடையாது. வினையடைகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார். பின்னால் ரோமானியர்கள் அதே அளவுகோலை லத்தீனுக்குப் பொருத்திப் பார்த்தபோது ஓர் இடம் காலியாக நின்றது. கிரேக்கத்தில் ‘ஆர்ட்டிகிள்’ உண்டு, லத்தீனில் இல்லை. எட்டு ஏழாகக் குறைந்தால் கிரேக்கர் முன் லத்தீனுக்கு என்ன மதிப்பு? வினையடைக் கூட்டத்திலிருந்து கூவல்களைப் பிரித்தெடுத்துக் காலி நாற்காலியில் அமர்த்தினார்கள். அதற்கு வைத்த லத்தீன் பெயருக்கு ‘இடையே எறியப்பட்டது’ என்று பொருள்.

அமர்த்தியவர் என்று கருதப்படும் ரெம்மியஸ் பாலைமோன் கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமாபுரி ஆசிரியர். ஒரு சீமாட்டியின் வீட்டில் அடிமையாகப் பிறந்தவர். முதலில் கற்றது நெசவு. எஜமானியின் மகனைப் பள்ளிக்கு அழைத்துப் போய்வந்ததில்தான் எழுத்து வசப்பட்டது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். 4ஆம் நூற்றாண்டில் டொனாட்டஸ் எழுதிய சிறு இலக்கணம் இந்த எட்டு வகையை உறுதிசெய்தது. ஐரோப்பியப் பள்ளிகள் இடைக்காலம் முழுக்க அதைத்தான் பாடமாக வைத்திருந்தன.

அதே காலத்துக் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் கவனித்த ஒன்று இன்றைக்கும் பொருந்தும். எபிரேய மூலத்திலிருந்து பிற மொழிக்குப் போக மறுக்கும் சொற்களைப் பற்றி எழுதும்போது, இத்தகைய கூவல்களே அதில் முதன்மையானவை என்றார். கோபத்துக்கு ‘ராக்கா’, களிப்புக்கு ‘ஓசன்னா’ என்று இரண்டு உதாரணமும் தந்தார். தமிழ் விவிலியத்தைத் திறந்தால் ஓசன்னா அப்படியே நிற்கிறது, ஆமெனும் அல்லேலூயாவும்கூட. ராக்காவை மட்டும் பழைய மொழிபெயர்ப்பு ‘வீணன்’ ஆக்கியது. 1611இல் வந்த ஆங்கில விவிலியமோ ராக்காவைத் தொடாமல் விட்டுவிட்டது.

ஆங்கிலத்துக்கு வருவோம் என்றால் முதலில் எதிர்ப்படுபவர் ஆல்ஃப்ரிக் என்ற துறவி. கி.பி. 1000ஐ ஒட்டி, மடத்துச் சிறுவர்களுக்காக, லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்திலேயே எழுதியவர். ‘ஹஹ’, ‘ஹெஹெ’ இரண்டும் லத்தீனிலும் ஆங்கிலத்திலும் சிரிப்பைக் குறிக்கும் என்பது அவர் தந்த குறிப்பு. ஆயிரம் வருடத்துக்குப் பிறகு வாட்ஸ்அப்பிலும் அதே எழுத்துகள்தான். ஆங்கில மொழிக்கென்றே எழுந்த முதல் இலக்கணம் வில்லியம் புல்லோகர் 1586இல் வெளியிட்டது. லத்தீனின் எட்டு அதிலும் எட்டாகவே இருந்தது. 1795இல் லிண்ட்லி மரே வெளியிட்ட இலக்கணத்தில் ‘ஆர்ட்டிகிள்’ளும் சேர்ந்து ஒன்பது ஆகியிருந்தது. யாருக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தாரோ அவரே திரும்பி வந்த பிறகும் கூவலுக்கு நாற்காலி பறிபோகவில்லை.

மரியாதை மட்டும் கிடைக்கவில்லை. 1786இல் ‘டைவர்ஷன்ஸ் ஆஃப் பர்லி’ என்ற நூலின் முதல் பாகத்தை வெளியிட்ட ஹார்ன் டூக், இதைப் பேச்சின் உறுப்பாக ஏற்பதென்றால் குதிரையின் கனைப்பையும் பசுவின் கத்தலையும் தும்மலையும் இருமலையும்கூட ஏற்க வேண்டியிருக்கும் என்று ஏளனம் செய்தார். மாக்ஸ் முல்லருக்கும் இதே எண்ணம். மனிதன் உணர்ச்சியில் எழுப்பிய கூவல்களிலிருந்து மொழி பிறந்தது என்ற கருத்துக்கு 1861இல் லண்டன் சொற்பொழிவுகளில் ‘பூ-பூ கொள்கை’ என்று பட்டப்பெயர் சூட்டினார். விலங்கொலியைப் பார்த்து மொழி பிறந்தது என்பதற்கு ‘பௌ-வௌ கொள்கை’. ரிக் வேதத்தைப் பதிப்பித்த பேராசிரியருக்கு நக்கலும் நன்றாகவே வந்திருக்கிறது.

டூக்கும் முல்லரும் தவறிய இடம் ஒன்று உண்டு. கூவல் என்பது உடம்பிலிருந்து தானாகத் தெறிப்பது என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் உலகம் முழுக்க ஒரே மாதிரி தெறிக்க வேண்டும். தெறிப்பதில்லை என்று 1921இலேயே மொழியியலாளர் எட்வர்ட் சபீர் சுட்டிக்காட்டினார். காலில் முள் ஏறினால் ஆங்கிலேயன் ‘அவ்’ என்றோ ‘அவுச்’ என்றோ சொல்கிறான், ஸ்பானியன் ‘அய்’ என்கிறான், தமிழன் அம்மாவைக் கூப்பிடுகிறான். வலி ஒன்றுதான், வாயிலிருந்து வருவது வளர்ந்த வீடு கற்றுக்கொடுத்தது.

கொஞ்சம் பொதுமை இல்லாமலும் இல்லை. 131 மொழிகளின் கூவல்களைத் திரட்டி 2024இல் வெளியான ஓர் ஆய்வு, வலிக்கான சொற்களில் ‘ஆ’ போன்ற அகன்ற உயிரும், ‘ஆய்’, ‘அவ்’ போன்ற இணைப்பும் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்று கண்டது. மகிழ்ச்சிச் சொற்களிலும் அருவருப்புச் சொற்களிலும் அப்படி ஒரு பொது ஒலி அகப்படவில்லை. காதில் சரியாக விழாதபோது கேட்கும் ஆங்கில ‘ஹ?’ இன்னொரு வியப்பு. மார்க் டிங்கமான்ஸ, ஃபிரான்சிஸ்கோ டொரெய்ரா, நிக் என்ஃபீல்ட் மூவரும் 2013இல், ஐஸ்லாந்து மொழி முதல் கானாவின் சிவு மொழி வரை பத்து மொழிகளில் இயல்பான உரையாடல்களைப் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். எல்லாவற்றிலும் இந்தக் கேள்விக்கு வாயை அதிகம் அசைக்காத ஒரு குறில், ஏறும் தொனியில் அல்லது அந்தந்த மொழியின் கேள்வித் தொனியில். பேச்சை நிறுத்தித் திரும்பச் சொல்லவைக்க ஒரு நொடிதான் கிடைக்கும். அந்த நெருக்கடி எல்லா ஊரிலும் ஒன்றாக இருப்பதால் சொல்லும் ஒன்றாகத் தேய்ந்துவிட்டது என்பது அவர்கள் விளக்கம். தமிழில் கேட்கும் ‘ஆங்?’கும் அதே ஜாதிதான். இந்த ஆய்வுக்கு 2015இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு அது.

ஒலி ஒன்றாக இருந்து பொருள் மாறினால்தான் ஆபத்து. நாக்கு நுனியை மேல்பல்லில் ஒட்டி எடுத்து ‘ச்சு ச்சு’ என்று ஒலிப்பதை ஆங்கிலமும் செய்கிறது, தமிழும் செய்கிறது. தமிழில் அதற்கு உச்சுக் கொட்டுதல் என்று பெயர். அடுத்தவர் துயரம் கேட்டு இரங்குவது. ஆங்கிலத்தில் அதே ஒலி பெரும்பாலும் கண்டிப்பு. எழுத்தில் ‘டட்-டட்’ என்றும் ‘டிஸ்க்’ என்றும் வரும். வேலை போய்விட்டது என்று ஆங்கிலேய நண்பர் சொல்ல, தமிழர் பரிவோடு உச்சுக் கொட்ட, நண்பருக்கு அது ‘உன் லட்சணம் அப்படி’ என்று கேட்கக்கூடும். 

இதைவிட மோசமான குழி ‘அஹ்-ஹ’. ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் ‘ஆமாம்’. தமிழில் ‘ஊஹும்’ என்றால் இல்லை. ஆங்கிலத்தில் ‘இல்லை’ வேண்டுமென்றால் நடுவில் உள்ள ஹகரத்தை எடுத்துவிட்டுத் தொண்டையை வெட்டென்று அடைத்து ‘அ-அ’ என்று சொல்ல வேண்டும். ஆமாமுக்கும் இல்லைக்கும் நடுவே ஒரு மூச்சு மட்டும்தான். எந்தப் பள்ளிப் புத்தகமும் இதைச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வரலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒலிப்பதிவுக் கருவி மலிவானது. பேச்சைப் பேசியபடியே எழுத்தில் பெயர்த்து வரிவரியாகப் பார்க்கும் ஆராய்ச்சி பிறந்தது. இந்தச் சிறு சொற்கள் உள்ளே நடக்கும் உணர்ச்சியைக் கொட்டுவதைவிட, எதிரே இருப்பவரிடம் ஏதோ ஒரு காரியத்தைச் சாதிக்கின்றன என்பது அப்போதுதான் துலங்கியது.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1978இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை ஒன்று ‘ஊப்ஸ்’ஐ எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக அலசுகிறது. மேசை ஓரத்தில் வைத்த காபி டம்ளரில் முழங்கை பட்டுக் கொஞ்சம் தளும்பிவிடுகிறது. ‘ஊப்ஸ்.’ தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல இருக்கிறது. ஆனால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது: சிந்தியது எனக்குத் தெரியும், விஷயம் சின்னது, மற்றபடி நான் கைகால் கட்டுப்பாட்டில் உள்ள ஆள்தான். அடுத்தவருக்குச் சொல்லும்போது இன்னொன்றும் சேர்கிறது: நீ சிந்தியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதனால்தான் அறுவைச் சிகிச்சை அறையில் மருத்துவர் வாயிலிருந்து வரக்கூடாத சொல் அது. பிறர் வீட்டுப் பரம்பரைச் சாடியை உடைத்துவிட்டு ‘ஊப்ஸ்’ என்றால் உடைத்ததைவிட அந்தச் சொல்தான் அதிகம் சுடும். இழப்பின் அளவை உடைத்தவரே நிர்ணயித்துவிட்டார் அல்லவா!

‘ஓ’ இன்னும் நுட்பம். ஜான் ஹெரிட்டேஜ் 1984இல் காட்டியது இது: கேள்வி கேட்டவர் பதில் வந்ததும் ‘ஓ’ என்றால், இதுவரை தெரியாதது இப்போது தெரிந்தது என்று அறிவிக்கிறார். ரயில் எத்தனை மணிக்கு? ஆறரைக்கு. ஓ. வகுப்பறையில் இதே வரிசையை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பிரான்சின் தலைநகர் எது என்று ஆசிரியர் கேட்கிறார். பாரிஸ் என்கிறான் மாணவன். ஆசிரியர் ‘குட்’ என்பார், ‘வெரி குட்’ என்பார். ‘ஓ’ என்று மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் சாருக்கே இப்போதுதான் தெரியுமோ என்று வகுப்பு விழிக்கும். வேலைக்கான நேர்முகத்தில் தன் தகுதியைச் சொல்லும்போது எதிரே ‘ஓ’ விழுந்தால், தேர்வாளர் விண்ணப்பத்தைப் படிக்காமலேயே வந்திருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

‘வெல்’ மறுப்பின் முன்னோடும் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வர முடியுமா என்று அழைக்கிறார் ஒருவர். சம்மதம் என்றால் பதில் உடனே வந்துவிடும். வர முடியாதென்றால் சின்ன இடைவெளி, பிறகு இழுத்த ‘வெல்…’ அவ்வளவுதான், காரணம் இன்னும் வாயைவிட்டு வரவில்லை. அதற்குள் அழைத்தவரே முந்திக்கொண்டு, ‘சிரமமென்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். முடியாது என்ற சொல் உச்சரிக்கப்படாமலேயே மறுப்பு நடந்து முடிகிறது. இருவர் முகமும் தப்பியது. ‘வெல்’ போடாமல் நேராக ‘நோ, ஐ கான்ட்’ என்று சொல்லும் வெளிநாட்டவரை ஆங்கிலேயர் முரடர் என்று நினைப்பதற்கு இலக்கணப்பிழை காரணம் இல்லை. வாக்கியம் அப்பழுக்கற்றது. முன்னால் விழ வேண்டிய ஒற்றைச் சொல் விழவில்லை.

கேட்பவர் தரப்பிலும் வேலை உண்டு. பாட்டி கதை சொல்லும்போது பிள்ளை ‘ம்’ கொட்ட வேண்டும் என்பது தமிழ் வீடுகளில் எழுதாத சட்டம். கொட்டாவிட்டால் தூங்கிவிட்டான் என்று கதை நின்றுவிடும். தொலைபேசியில் இன்னும் கண்டிப்பு. இரண்டு வாக்கியத்துக்குள் ‘ம்’ வராவிட்டால் ‘லைன்ல இருக்கீங்களா?’ ஆங்கிலத்தின் ‘அஹ்-ஹ’வும் ‘ம்-ஹ்ம்’மும் அதே வேலைதான் செய்கின்றன. 1970இல் விக்டர் இங்வே இதற்குப் ‘பேக் சேனல்’ என்று பெயர் வைத்தார். பேச்சு ஒருபக்கம் போகும்போது மறுபக்கத்திலிருந்து வரும் மெல்லிய கால்வாய். ‘நீங்கள் பேசுங்கள், நான் குறுக்கே வரவில்லை’ என்று கேட்பவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சி வகுப்புகள் பகையாளியாக நினைக்கும் ‘அ…’, ‘அம்…’ இரண்டுக்கும் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ இருவரும் 2002இல் வக்காலத்து வாங்கினார்கள். ‘அ’ வந்தால் சிறு தாமதம், ‘அம்’ வந்தால் நீண்ட தாமதம் என்று பேசுபவர்கள் வித்தியாசம் காட்டியே இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்; ஆகவே இவை தடுமாற்றத்தின் குப்பை அல்ல, முறையான ஆங்கிலச் சொற்கள், ‘இன்டர்ஜெக்‌ஷன்’ வகுப்பிலேயே சேர வேண்டியவை என்பது அவர்கள் வாதம். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல இது. மேடையில் ஆங்கிலம் பேசப் பயப்படுகிறவர்களுக்கு ஆறுதலாவது இருக்கட்டும். 1999இல் வந்த லாங்மன் இலக்கணமோ இந்தக் கூட்டம் முழுவதையும், வணக்கம், விடைபெறல், நன்றி, வசவு உட்பட, ‘இன்சர்ட்ஸ்’ என்ற புதுப் பிரிவில் கூட்டிச் சேர்த்தது. செருகல்கள்! ரோமாபுரியில் எறிந்ததை லண்டனில் செருகினார்கள்.

வசவு என்றதும் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நினைவுக்கு வர வேண்டும். 1622இல் தனிப் புத்தகமாக அச்சான ‘ஒத்தெல்லோ’வில் யாகோ பேசத் தொடங்குவதே ‘ஸ்பிளட்’ என்ற கூவலில். கடவுளின் ரத்தம் என்பது தேய்ந்து அப்படி ஆனது. கடவுளின் காயங்கள் என்பது ‘ஸூன்ட்ஸ்’ ஆனது. மறுவருடம் வந்த பெருந்தொகுப்பில் இவை மாயமாக மறைந்திருக்கின்றன. 1606இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மேடையில் கடவுள் பெயரை வீணாக உச்சரித்தால் பத்து பவுண்டு அபராதம் என்றது. தொகுப்பின் பிரதி அதன் நிழலில் துப்புரவு செய்யப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கூவலை எடுத்ததும் யாகோ கொஞ்சம் கனவானாகிவிடுகிறான். நாடகத்துக்கு அது நஷ்டம்தான்.

தடையிலிருந்து தப்பிக்க மொழி முகமூடி தைத்துக்கொண்டது. ‘காட்’ என்பதற்குப் பதில் ‘காஷ்’, ‘காலி’. ‘ஜீசஸ்’ என்பதற்கு ‘ஜீ’. ‘ஹெல்’ என்பதற்கு ‘ஹெக்’. ‘டாம்’ என்பதற்கு ‘டார்ன்’. ஆங்கிலப் பையன்களின் கதைப் புத்தகங்களில் பொங்கிவழியும் ‘ப்ளைமி’, கடவுள் என் கண்ணை அவிக்கட்டும் என்ற சபதத்தின் சுருக்கம். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்கும் ஆசிரியர்கள் ‘ஜீ’யை மட்டும் தைரியமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் நடந்த கொடுக்கல் வாங்கலில் கூவல்களுக்குத் தனி ஏடு உண்டு. ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் தொகுத்து 1886இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியின் பெயரே ஒரு கூவல். மொஹரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்ற ஓலம் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் விழுந்து ‘ஹாப்சன்-ஜாப்சன்’ ஆயிற்று. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அகராதி அச்சாவதற்குள் இறந்துபோனார். வடநாட்டார் திடுக்கிடும்போது சொல்லும் ‘பாப் ரே’ ஆங்கிலத்தில் ‘பாபரி’யாகி, கூச்சல் குழப்பத்துக்குப் பெயர்ச்சொல்லானதும் அந்த அகராதியில் பதிவாகியிருக்கிறது.

அகராதிகளுக்கு இப்போது கூச்சம் குறைந்துவிட்டது. தென்னிந்தியரும் இலங்கையரும் நாளெல்லாம் சொல்லும் ‘ஐயோ’ 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஏறியதைப் பத்திரிகைகள் கொண்டாடின. அதற்கு ஐந்து வருடம் முன்பு ஏறியது ‘ஓ.எம்.ஜி.’ கைப்பேசித் தலைமுறையின் சுருக்கம் என்று நினைத்தவர்களுக்கு அகராதி அதிர்ச்சி கொடுத்தது: 1917இல் பிரிட்டிஷ் கடற்படையின் ஃபிஷர் பிரபு சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அந்த மூன்று எழுத்தும் விரிவாக்கத்தோடு இருக்கின்றன. அப்போது ஃபிஷருக்கு வயது 76. அவர் பிறந்த ஊர் இலங்கையின் மலையகத்தில் உள்ள இறம்பொடை.

‘ஹலோ’வும் தொலைபேசியின் பிள்ளைதான், குறைந்தபட்சம் இன்றைய பயன்பாட்டில். கிரகாம் பெல், கப்பலில் கூப்பிடும் ‘அஹாய்’ போதும் என்றார். எடிசன் 1877இல் எழுதிய ஒரு கடிதத்தில், ‘ஹலோ’ என்று கூப்பிட்டால் பத்து இருபது அடி தூரம் கேட்கும், அழைப்பு மணியே தேவையில்லை என்று யோசனை சொன்னார். எடிசன் ஜெயித்தார், மணியும் பிழைத்துக்கொண்டது. ‘ஹாய்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் ‘ஏ’ சேர்த்துவிடும் தமிழ்நாட்டுப் பழக்கத்துக்கு மட்டும் எந்த விஞ்ஞானியும் பொறுப்பல்ல.

எழுத்தில் இவற்றைக் கையாள்வதற்குச் சில விதிகள் உண்டு; நீட்டி முழக்க வேண்டியதில்லை. வேகம் இருந்தால் ஆச்சரியக்குறி, அடுத்த சொல் பெரிய எழுத்தில். வேகம் இல்லாவிட்டால் காற்புள்ளி போதும், வாக்கியம் தொடரும்: ‘ஓ, ஐ ஸீ’ என்பதற்கு ஆச்சரியக்குறி போட்டால் கத்துவதுபோல ஆகிவிடும். ஒற்றை எழுத்து ‘ஓ’ வேறு, ஹகரம் சேர்ந்த ‘ஓ’ வேறு. முதலாவது கடவுளையோ அரசனையோ விளிப்பது. எப்போதும் பெரிய எழுத்து, பின்னால் காற்புள்ளி கிடையாது. இரண்டாவதுதான் பேச்சில் வரும் ‘ஓ’. அலுவலகக் கடிதத்தில் இந்த வகுப்புச் சொற்கள் எதுவும் தலைகாட்டாமல் இருப்பது நல்லது. ஆச்சரியக்குறியிலும் சிக்கனம் வேண்டும். 1970களுக்கு முந்தைய ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் அதற்குத் தனி விசையே இல்லை. ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, ‘பேக் ஸ்பேஸ்’ அழுத்திப் பின்னால் வந்து, அடியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மூன்று தட்டு தட்ட வேண்டியிருந்த காலத்தில் யாரும் ஒரே வாக்கியத்துக்கு நாலு குறி போடவில்லை.

மாணவர்களை உண்மையில் வதைப்பது நேர்கூற்றை அயற்கூற்றாக்கும் பயிற்சி. ‘ஹுர்ரா’ வந்தால் ‘எக்ஸ்க்ளெய்ம்டு வித் ஜாய்’, ‘அலாஸ்’ வந்தால் ‘எக்ஸ்க்ளெய்ம்டு வித் சாரோ’ என்று கைடுகள் வாய்ப்பாடு தருகின்றன. வாய்ப்பாட்டுக்குப் பின்னால் ஒரு மொழியியல் உண்மை ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘தட்’ என்ற கதவுக்குள் கூவல் நுழைய முடியாது. ‘ஷீ செட் தட் அலாஸ்’ என்று வாக்கியம் அமையாது. ஆகவே சொல்லை வாசலில் நிறுத்திவிட்டு, அது என்ன உணர்ச்சி என்ற விவரச் சீட்டை மட்டும் உள்ளே அனுப்புகிறார்கள். ஹுர்ராவுக்கும் அலாஸுக்கும் சீட்டு எழுதிவிடலாம். ‘வெல்’லுக்கு என்ன எழுதுவது? ‘அம்’முக்கு? கைடு அவற்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. ‘என்று’ எதையும் தாங்கும். ஐயோ என்று அலறினாள், அப்பாடா என்று உட்கார்ந்தான், சீ என்று ஆகிவிட்டது. ‘அப்பாடா என்று உட்கார்ந்தான்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நிம்மதிப் பெருமூச்சைப் பற்றி ஒரு விவரணை வேண்டும். அப்பாடா காணாமல் போயிருக்கும். அமெரிக்க இளைஞர்கள் இந்த ஓட்டையை அவர்கள் பாணியில் அடைத்தார்கள். ‘ஷீ வாஸ் லைக், அக்!’ என்கிறார்கள். ‘சீ’ன்னு ஆயிட்டா என்பதற்கு ஆங்கிலத்தில் இதைவிடக் கிட்டத்தில் போக முடியாது. ‘லைக்’ இப்படி மேற்கோள் சொல்லாக மாறிவருவதை 1982இலேயே ‘அமெரிக்கன் ஸ்பீச்’ இதழில் ரொனால்ட் பட்டர்ஸ் குறித்துவைத்தார். அதற்குப் பிறகு ஆங்கிலம் பேசும் நாடுகள் எங்கும் அது பரவியாயிற்று. தேர்வுத்தாளில் எழுதினால் மட்டும் இன்றும் சிவப்பு மைதான்.